கனி இளக்கும், இலை கட்டும்: கொய்யாவை வீட்டு மருந்தாகப் பயன்படுத்தத் தொடங்குகிறவர்களுக்கு

பேதிக்கு ஒன்று, மலச்சிக்கலுக்கு ஒன்று என்று நேரெதிரான இரண்டு மருந்தும் கொய்யா மரத்தில் இருக்கின்றன. நன்றாகப் பழுத்த பழம் குடலை இளக்கும். பழுக்காத காயும் தளிரும் கட்டும். "கொய்யா வயிற்றுக்கு நல்லது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, காலையிலிருந்து ஐந்தாறு முறை வெளிக்குப் போனவர் கனிந்த பழத்தைத் தின்கிறார். நாலு நாளாக வெளிக்கே போகாதவர் மிளகாய்ப்பொடி தூவிய காயைக் கடிக்கிறார். இருவருக்கும் தொந்தரவு கூடும், பழி கொய்யா மேல் விழும்.

காரணம் துவர்ப்பு. காயிலும் இலையிலும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதி. அது புரதத்தோடு ஒட்டி அதை இறுக்கும். தோல் பதனிடுகிற இடங்களில் ஆவாரம்பட்டையைப் போட்டு ஊறவைப்பதும் இந்தக் குணத்துக்காகத்தான். நாக்கில் பட்டால் இழுத்துப் பிடிக்கிறது, குடலில் பட்டால் நீர் கசிவதைக் குறைக்கிறது. பழுக்கப் பழுக்க இந்தத் துவர்ப்பு அடங்கி, சதை மென்மையாகி இனிப்பு ஏறுகிறது. அப்போது வேலை செய்வது நார்ச்சத்தும் விதையும். ஆகவே அளவுகோல் உங்கள் வாயிலேயே இருக்கிறது: கடித்ததும் நாக்கு வறண்டு இழுத்தால் அது கட்டும், இழுக்காமல் இனித்தால் அது இளக்கும்.

சங்க காலத்திலிருந்தே நம் முன்னோர் கொய்யாவை மருந்தாக்கினார்கள் என்று வாட்ஸப்பில் சுற்றும் செய்தியை நம்ப வேண்டாம். மரம் வெப்ப மண்டல அமெரிக்காவுடையது. கடல் கடந்து போர்த்துகீசியர் காலத்தில் இந்தியாவுக்கு வந்தது. அவர்கள் வாயில் அது கோயாபா. மெக்சிகோவின் நாவட்ல் மொழியில் அதன் பெயர் ஷால்ஷோகோட்ல், 'மணற்பழம்' என்று பொருள். விதையைச் சுற்றியுள்ள சதையை மெல்லும்போது நறநறவென்று படுமே, அந்த மணல்தான். கல்செல்கள் என்ற கெட்டியான நுண்துகள்கள் அவை. வயிற்றுப்போக்குக்கு இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பது அங்கே பழைய வழக்கம். நம் ஊரிலும் வந்து நானூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டதால், பாட்டி வைத்தியம் என்று சொல்வதில் தப்பில்லை.

காயா, செங்காயா, பழமா

கோலிக்குண்டு அளவில் இருப்பது பிஞ்சு. அதைப் பறிக்க வேண்டாம். கரும்பச்சையாக, நகத்தை அழுத்தினால் இறங்காமல் இருப்பது காய். பச்சை வெளுத்து, தோலில் இளமஞ்சள் ஓடத் தொடங்கி, நகம் லேசாக இறங்கினால் செங்காய். மஞ்சளாகி, பையைத் திறந்ததும் மணம் அடித்து, கட்டைவிரலால் அழுத்தினால் குழிந்தால் பழம். சுவைக்காகத் தின்ன செங்காய்தான் சிறந்தது. மருந்துக்கு அது இரண்டும் கெட்டான்.

வாங்கும்போது காம்புப் பக்கத்தை விரலால் தொட்டுப் பாருங்கள், பழுப்பது பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும். அடுத்து தோலைப் பாருங்கள். பழுப்பாக, சொரசொரப்பாக, தேமல் போல இருக்கும் புள்ளிகள் தேயிலைக் கொசு என்ற பூச்சி குத்தியதால் வருபவை. பார்க்கத்தான் அசிங்கம், சீவி எறிந்துவிட்டுத் தின்னலாம். ஊசி குத்திய அளவுக்கு ஒரு சின்னப் புள்ளி இருந்து அதைச் சுற்றி மெத்தென்று நிறம் மாறியிருந்தால் அது வேறு விஷயம். பழ ஈ முட்டையிட்ட இடம் அது. உள்ளே வெள்ளைப் புழு நெளியும். மழைக்காலத்துப் பழத்தில் இது அதிகம், சில நேரம் வெளியே அடையாளமே இருக்காது. அதனால் கொய்யாவை முழுதாகக் கடிக்காமல் குறுக்கே நறுக்கிப் பார்த்துவிட்டுத் தின்பது நல்லது.

காயை வாங்கியதும் ஃபிரிட்ஜில் தள்ளிவிடுவது பலர் செய்யும் தவறு. குளிரில் கொய்யா ஒழுங்காகப் பழுக்காது. உள்ளே பழுப்பேறிச் சப்பென்று ஆகிவிடும். காற்றோட்டமான கூடையில் வெளியே வையுங்கள். செங்காய் இரண்டு மூன்று நாளில் பழுக்கும். பழுத்த பிறகு வேண்டுமானால் இரண்டு நாள் குளிரில் வைக்கலாம்.

எந்த ரகம் என்று அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். பழனிப் பக்கத்து ஆயக்குடிக் கொய்யா, லக்னோ 49, அலகாபாத் சபேதா எல்லாம் உள்ளே வெள்ளை. அர்கா கிரண், தைவான் பிங்க் போன்றவை உள்ளே சிவப்பு. சிவப்பில் தக்காளிக்கு நிறம் தரும் அதே லைகோபீன் இருக்கிறது. மலச்சிக்கலுக்கென்றால் எந்தச் சதையும் ஒன்றுதான். பல் சரியில்லாத பெரியவர்களுக்கு விதை மென்மையான அர்கா மிருதுளா கிடைத்தால் விடாதீர்கள்.

இளக்குவதற்குப் பழம்

100 கிராம் கொய்யாவில் சுமார் 5 கிராம் நார்ச்சத்து இருக்கிறது, பழங்களில் இது பெரிய அளவு. மலச்சிக்கலுக்குப் பயன்படுத்தும் முறை இது.

முதல் இரண்டு நாள் பாதிப் பழம் போதும். வயிறு உப்பாமல் இருந்தால் மூன்றாம் நாளிலிருந்து நடுத்தர அளவில் ஒரு முழுப் பழம், அதாவது ஏறக்குறைய 150 கிராம். தோலைச் சீவாதீர்கள், விதையை எடுக்காதீர்கள். சதையை மெல்லுங்கள், விதையைக் கடித்து உடைக்க முயலாமல் அப்படியே விழுங்குங்கள். அது செரிக்காமல் போய் வெளியேறும், அதுதான் அதன் வேலை. தின்றபின் அரை மணி நேரத்துக்குள் ஒரு டம்ளர் தண்ணீர், அன்றைக்கு முழுக்க வழக்கத்தைவிட இரண்டு டம்ளர் கூடுதல். இரவு உணவுக்கு ஒரு மணி நேரத்துக்குப் பின் தின்றால் பலருக்குக் காலையில் பலன் தெரிகிறது.

தண்ணீர்தான் இதில் பாதி மருந்து. தண்ணீர் குடிக்காமல் நாலைந்து பழம் ஒரேயடியாகத் தின்றால் விதைகள் திரண்டு ஆசனவாய்க்கு மேலே கல் போல அடைத்துக்கொள்ளும். சிறு குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இது நேர்ந்தால் மருத்துவர்தான் எடுத்துவிட வேண்டியிருக்கும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு விதையை நீக்கிச் சதையை மட்டும் மசித்துக் கொடுங்கள். ஜூஸ் போட்டு வடிகட்டிக் கொடுத்தால் நார் சக்கையோடு போய்விடும், மலச்சிக்கலுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. ஒரு வாரம் ஆகியும் மாற்றமில்லை, மலத்தில் ரத்தம் தெரிகிறது, எடை குறைகிறது என்றால் பழத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பழத்தின் இன்னொரு பயனுக்கு இலை முற்றிலும் எதிரி. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் சுமார் 50. கீரை, கம்பு, கேழ்வரகு, பயறு ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் சி துணை செய்யும். ரத்தசோகை உள்ளவர் சாப்பாட்டோடு சேர்த்துப் பாதிப் பழம் தின்றால் நல்லது. அதே சாப்பாட்டோடு இலைத் தேநீர் குடித்தால் டானின் அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வைட்டமின் சி சூட்டில் அழியும் என்பதால், இந்தப் பயனுக்குப் பழத்தைப் பச்சையாகத்தான் தின்ன வேண்டும், ஜாமில் தேடக்கூடாது.

இலை பறிப்பது

கொய்யா இலை தெரியாதவர் யாரும் இல்லை என்று நினைப்போம். ஆனால் காயில்லாத மரத்தில் தடுமாறுகிறவர்கள் உண்டு. இளங்கிளையை இரண்டு விரலுக்கிடையே உருட்டிப் பாருங்கள். உருண்டையாக இராமல் நாலு பட்டையாகத் தட்டுப்படும். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும். மேல்பக்கம் நரம்புகள் பள்ளமாக, அடிப்பக்கம் புடைத்துக்கொண்டு, தடவினால் மென்மயிர் தெரியும். தண்டின் பட்டை மெல்லிய தாளாக உரிந்து வழவழப்பாக இருக்கும். இலையைக் கசக்கினால் பழத்தின் வாசனை வரும். வராவிட்டால் அதைக் கொதிக்க வைக்காதீர்கள்.

கிளை நுனியிலிருந்து எண்ணினால் முதல் இரண்டு ஜோடி கொழுந்து. மென்று தின்னவும் அரைக்கவும் அதுதான். மூன்றாவது, நான்காவது ஜோடி இளம் இலை, கஷாயத்துக்கு அது. அதற்குக் கீழே தோல் மாதிரி தடித்திருப்பது முற்றல். அதையும் போடலாம், ஆனால் கசப்பு ஏறும். பனி காய்ந்தபிறகு காலையில் பறியுங்கள். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது போல் இருந்தால் மாவுப்பூச்சி அல்லது வெள்ளை ஈ. மேலே கரி பூசியது போல் இருந்தால் அவை கழித்த தேன் போன்ற கழிவின் மேல் வளர்ந்த பூஞ்சை. இரண்டையும் ஒதுக்குங்கள். விற்பனைக்காகப் பயிரிடும் தோப்பில் இலை பறிக்காதீர்கள். பழத்துக்கு மருந்தடித்தால் பறிக்கும் முன் இத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று கணக்கு உண்டு, இலையைத் தின்பார்கள் என்று எவரும் நினைத்து அடிப்பதில்லை. வீட்டு மரம் அல்லது மருந்தே அடிக்காத பக்கத்து வீட்டு மரம்தான் சரி.

பேதிக்குக் கஷாயம்

கஷாயத்துக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பேதியில் ஆளைச் சாய்ப்பது உடம்பிலிருந்து போகும் நீரும் உப்பும். அதை ஈடுகட்டுவதுதான் முதல் மருந்து, கொய்யா இலை இரண்டாவது. கடையில் ஓஆர்எஸ் பொட்டலம் வாங்கினால் எத்தனை மில்லி தண்ணீருக்கு என்று படித்துக் கரையுங்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலமும் 200 மில்லிக்கானதும் உண்டு, மாறினால் ஆபத்து. கிடைக்காத இடத்தில் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் 6 கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. வாயில் விட்டுப் பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். ஒவ்வொரு முறை வெளிக்குப் போய்வந்த பின்னும் ஒரு டம்ளர், மடக் மடக்கென்று இல்லாமல் மெதுவாக.

இப்போது கஷாயம். 8 முதல் 10 இளம் இலைகளை ஓடும் நீரில் இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவிக் கையால் நாலாகக் கிழியுங்கள். ஸ்டீல் பாத்திரம் அல்லது மண்சட்டியில் இரண்டு டம்ளர் தண்ணீர், அதாவது 400 மில்லி, ஊற்றிக் கொதி வந்ததும் இலையைப் போடுங்கள். அடுப்பைச் சிம்மில் வைத்து, மூடாமல், ஒரு டம்ளராக வற்றும்வரை விடுங்கள். பதினைந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய ஆகும். தண்ணீர் முதலில் வெளிர்மஞ்சளாகி, பிறகு லேசான டீ நிறத்துக்கு வரும். அங்கே நிறுத்தி வடிகட்டுங்கள். கரும்பழுப்பாகும்வரை காய்ச்சினால் குமட்டும், குடித்தவர் வாந்தி எடுப்பார், உள்ளே போன ஓஆர்எஸ்ஸும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

இரும்புச் சட்டியில் மட்டும் காய்ச்ச வேண்டாம். டானினும் இரும்பும் சேர்ந்தால் மை. பழைய காலத்தில் எழுதும் மையே அப்படித்தான் செய்தார்கள். சட்டியைத் திறந்தால் கறுப்பாக இருக்கும், மருந்து இரும்போடு போய்ச் சேர்ந்திருக்கும்.

பெரியவர்களுக்கு அரை டம்ளர், வெதுவெதுப்பாக, ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை. வெல்லமோ சர்க்கரையோ நிறையப் போட்டு இனிப்பாக்காதீர்கள், அதிக இனிப்பு குடலுக்குள் நீரை இழுக்கும். சிட்டிகை உப்பு போடலாம். கஷாயம் ஒத்துக்கொள்ளாதவர்கள் கொழுந்து முறையைப் பார்க்கலாம்: ஐந்தாறு கொழுந்தை அம்மியிலோ சின்ன மிக்சி ஜாரிலோ நீர் விடாமல் விழுதாக அரைத்து, கொட்டைப்பாக்கு அளவு எடுத்து, புளிக்காத மோர் ஒரு டம்ளரில் கலந்து குடிப்பது. மிக்சியில் ஓட்டினால் நார் தங்கும், வடிகட்டிக்கொள்ளுங்கள். வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். டானின் மருந்தையும் பிடித்து வைக்கக்கூடியது.

இரண்டு நாளுக்கு மேல் தொடர வேண்டாம். பேதி நின்ற அன்றே கஷாயத்தையும் நிறுத்துங்கள், இல்லையென்றால் மலம் கட்டிக்கொண்டு அடுத்த வாரம் பழத்தைத் தேட வேண்டியிருக்கும். மலத்தில் ரத்தமோ சளியோ, கடும் காய்ச்சல், குடித்ததெல்லாம் வாந்தி, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் உள்வாங்கியிருக்கிறது, பிள்ளை துவண்டு கிடக்கிறது என்றால் இலையைத் தேடிப் போகாமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கஷாயமே வேண்டாம். அவர்களுக்கு ஓஆர்எஸ்ஸும் மருத்துவர் தரும் துத்தநாக மருந்தும்தான். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலை நிறுத்தக்கூடாது. கர்ப்பிணிகள் பழம் தின்னலாம், இலைக் கஷாயம் தவிர்க்கலாம்.

வாய்க்கும் புண்ணுக்கும்

ஈறில் ரத்தம் கசிதல், வாய்ப்புண், வாய் நாற்றம் ஆகியவற்றுக்கு இதே கஷாயத்தில் அரைத் தேக்கரண்டி கல்லுப்பு கரைத்து, காலையும் இரவும் பல் துலக்கியபின் முப்பது விநாடி வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்புங்கள். வாய்ப்புண் திறந்திருந்தால் உப்பு எரியும், அப்போது உப்பில்லாமல். அவசரத்துக்குக் கொழுந்து இரண்டை மென்று சக்கையைத் துப்பலாம். பல்வலி இதில் கொஞ்ச நேரம் மட்டுப்படும். சொத்தை அங்கேயேதான் இருக்கும், இலையை நம்பிப் பல் மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள். அடிக்கடி செய்தால் பல்லில் டீக்கறை போல மஞ்சள் படியும், ஒரு வாரத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது.

பிலிப்பைன்ஸில் கொய்யாவுக்குப் பெயர் பயாபாஸ். அந்நாட்டுச் சுகாதாரத் துறை பரிந்துரைத்த பத்து மூலிகைகளில் அதுவும் ஒன்று. சிறுவர்களுக்குச் சுன்னத் செய்தபின் புண்ணைக் கொய்யா இலை நீரால் கழுவுவது அங்கே ஊரறிந்த வழக்கம். சிராய்ப்புக்கும் சேற்றுப்புண்ணுக்கும் நாமும் அப்படிக் கழுவலாம். கஷாயம் அன்று காய்ச்சியதாக, கைபொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். ஆழமான வெட்டுக்காயம், சர்க்கரை நோயாளியின் கால்புண் இரண்டிலும் கை வைக்க வேண்டாம். அரைத்த இலையைப் புண்மேல் அப்புவதும் கூடாது. இலையில் ஒட்டிய மண்ணும் அழுக்கும் உள்ளே போகும்.

சர்க்கரை நோயாளிகள் கேட்பது

பழம் தின்னலாமா என்றால், செங்காய்ப் பதத்தில் ஒரு நாளைக்கு ஒன்று, தோலோடு, சாப்பாட்டின் மேல் கூடுதலாக இல்லாமல் சாப்பாட்டில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு. வண்டியில் தூவித் தரும் உப்பு மிளகாய்ப்பொடியை ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள். சிறுநீரகம் பாதித்துப் பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தின்ன வேண்டாம். 100 கிராமில் 400 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் இருக்கிறது.

இலைத் தேநீர் ஜப்பானில் 2000-ஆம் ஆண்டிலிருந்து அரசு அங்கீகாரம் பெற்ற உடல்நல உணவு வரிசையில் விற்கிறது. இலையில் உள்ள பாலிபீனால்கள் என்னும் தாவரப் பொருள்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளை மந்தப்படுத்துகின்றன, சாப்பிட்டதும் சர்க்கரை குபீரென்று ஏறுவது சற்றுக் குறைகிறது. இதிலிருந்தே தெரியும், வெறும் வயிற்றில் குடிப்பதில் அர்த்தமில்லை. உடைக்க அங்கே மாவு இல்லை. சோறோ தோசையோ சாப்பிடும்போதே குடிக்க வேண்டும். காய்ந்த இலை நாலைந்தை நொறுக்கி ஒரு டம்ளர் வெந்நீரில் ஐந்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டினால் போதும், சுண்டக் காய்ச்ச வேண்டியதில்லை. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்பு உண்டு. மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிப்பது மருத்துவம் ஆகாது. ரத்தசோகையும் சேர்ந்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன இரும்புக் கணக்கு இங்கே இடிக்கும், அவர்களுக்கு இந்தத் தேநீர் சரிவராது.

இலை காயவைக்க: கழுவி, துணியில் ஈரம் ஒற்றி, நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். நாலைந்து நாளில் மடித்தால் 'படக்' என்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் மணமும் நிறமும் போய் வைக்கோல் ஆகிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் ஆறு மாதம் வைக்கலாம். காய்ச்சிய கஷாயத்தை மறுநாளைக்கு எடுத்து வைக்காதீர்கள்.

கொய்யா தின்றால் சளி பிடிக்கும் என்பது சளி பிடித்த பருவத்தில் கொய்யா வருவதால் வந்த பேச்சு. விதை குடல்வாலில் போய் அடைக்கும் என்று சிறுவர்களைப் பயமுறுத்தவும் வேண்டியதில்லை. இலைச்சாறு தடவினால் முடி கொட்டுவது நிற்கும் என்பதை நம்பித் தலையில் ஊற்றுகிறவர்கள், வெள்ளைத் துண்டை மட்டும் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்தக் கறை போகாது.

தொடர்ந்து இலை வேண்டும் என்றால் நாற்றுப் பண்ணையில் பதியன் கன்று ஒன்று வாங்கி வெயில் படும் இடத்தில், இடமில்லையென்றால் பெரிய தொட்டியில் வையுங்கள். விதைக் கன்று காய்க்க வருடக்கணக்கில் காக்க வைக்கும். கிளை நுனியை அவ்வப்போது ஒரு சாண் அளவு வெட்டிவிட்டால் வெட்டிய இடத்துக்குக் கீழே பக்கத் தளிர்கள் வெடிக்கும். கொழுந்தும் அதில்தான், கொய்யா பூப்பதும் அந்தப் புதுத் தளிரில்தான். பூ தெரிந்தபின் அந்தத் தளிரில் இலை பறிக்காமல் விட்டுவிடுங்கள், நாலைந்து மாதத்தில் காய் முற்றும்.